நாற்பத்தைந்து குடும்பங்கள்

அஹமது கபீர் எம்.ஏ. வரலாறு சேர்ந்ததை முதலில் தன் மனைவி ஜன்னத் பீவியிடம்கூடச் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வயதில், தமாமில் ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலந்து கொடுத்துக்கொண்டிருப்பவர் படிக்கப் போகிறார் என்றால் திருத்துறைப்பூண்டியில் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பி.ஏ. பரீட்சை எழுதிய கையோடு பாஸ்போர்ட் எடுத்தவர் அவர். தொண்ணூறுகளின் நடுவில் அந்த வட்டாரத்தில் அவர் வயதுப் பையன்கள் பாதிப்பேர் அப்படித்தான் கிளம்பினார்கள். வாத்தியார் வேலைக்குப் போக நினைத்தவர் இருபத்தேழு வருஷம் சவூதியில் தங்கிவிட்டார்.

மன்னார்குடிப் பக்கம் உள்ள செங்கழுநீர் கல்லூரி ஆன்லைனில் எம்.ஏ. தொடங்கியிருக்கிறது என்று பேஸ்புக்கில் பார்த்த அன்றே பணம் கட்டிவிட்டார். பிறகு ஒரு நாள் இன்னொரு போனில் பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது ஜன்னத் கூப்பிட்டு, "யாருங்க அது, பக்கத்துல ஒரு பொம்பளை சத்தம்?" என்று கேட்ட பிறகுதான் உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது.

ஜன்னத் கேட்ட குரல் ஷமாவுடையது. கல்லூரியின் நூலகர். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கிற ஒப்பந்த வேலை. ஆன்லைன் மாணவர்களுக்கு வாரம் ஒரு நூலக வகுப்பு உண்டு என்று கால அட்டவணையில் பார்த்தபோது கபீருக்குச் சிரிப்புதான் வந்தது. நூலகம் மன்னார்குடியில், அவர் தமாமில். புத்தகத்தைத் தொடக்கூட முடியாதவனுக்கு நூலகத்தில் என்ன வகுப்பு?

ஆனால் ஷமா அந்த வகுப்பை வெள்ளிக்கிழமை காலையில் வைத்திருந்தார். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு அன்றுதான் விடுமுறை என்று யாரும் சொல்லாமலே யோசித்திருந்தார். பெரும்பாலானவர்கள் போனில்தான் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, இரண்டு பத்தியாக அச்சான கட்டுரைகளைப் போன் திரைக்கு ஏற்றபடி ஒரே பத்தியாக வெட்டி ஒட்டி அனுப்பினார். வகுப்புக்கு வர முடியாதவர்களுக்குக் குரல் பதிவு வந்துவிடும், டேட்டா தின்னாத அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டுகளாக. இது எதுவும் அவர் வேலை விவரத்தில் இல்லை என்று கபீருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதல் பருவத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பு: டெல்டாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள். கபீருக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா? மூன்று வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எழுதினார். எடுத்த எடுப்பிலேயே ஒரு அழுத்தமான வரியைப் போட்டார்: 'நரிமடை வாய்க்கால் தூர்ந்துபோனதால் அந்த ஊரிலிருந்து 45 குடும்பங்கள் ஒரே ஆண்டில் பர்மாவுக்குக் கப்பல் ஏறின.' நரிமடை, திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே அவர் சின்ன வயதில் சைக்கிளில் கடந்து போன சிற்றூர்.

கட்டுரை திரும்பி வந்தபோது அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. ஆதாரங்களைச் சரிபார்ப்பது நூலகர் பொறுப்பு என்பதால் ஓரத்தில் ஷமாவின் குறிப்பு: 'இது யார் சொன்னது?'

கபீருக்குச் சுருக்கென்றது. அடுத்த வகுப்பில் மைக்கைத் திறந்து நேராகவே கேட்டுவிட்டார்.

"மேடம், நெட்ல பத்து எடத்துல இருக்கு. பேப்பர்ல வந்திருக்கு. யூடியூப்ல ஒருத்தர் அந்த வாய்க்கால் கரையிலயே நின்னு பேசியிருக்காரு. இதுக்கு மேல யாரு சொல்லணும்?"

"கபீர் சார், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு மட்டும் கோடு போடல. பதினொரு பேரு கட்டுரையில அதே வரி இருக்கு. அதனாலதான் இன்னைக்கு இதையே பாடமா எடுக்கலாம்னு இருக்கேன்."

திரையில் வரிசையாகப் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தார். ஒரு சுற்றுலாத் தளம், ஒரு வலைப்பூ, இரண்டு செய்தித் தளங்கள், போட்டித் தேர்வுக்கான குறிப்புகள், அந்த யூடியூப் வீடியோவின் கீழ்க்குறிப்பு என்று பலவிதம். ஒவ்வொன்றிலும் அந்த வரியை மஞ்சள் பூசியிருந்தார்.

"அவசரம் இல்ல. நல்லா பாருங்க. பத்துக்கும் பொதுவா ஏதாவது தெரியுதா?"

யாருடைய மைக்கிலோ அறுப்பு மெஷின் சத்தம் கேட்டது. அது பூதலூரிலிருந்து படிக்கும் குந்தவை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், வீட்டில் நிலம் நீச்சு உண்டு. வயல் வரப்பிலிருந்தே பாதி வகுப்பைக் கேட்பாள்.

"மேடம், எல்லாத்துலயும் 'குடுபங்கள்'னு போட்டிருக்கு. 'ம்' இல்ல," என்றாள் குந்தவை.

கபீர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். ஆமாம். பத்திலும் அதே பிழை. படிக்கும்போது கண் தானாகத் திருத்திப் படித்துவிட்டிருந்தது. தன் கட்டுரையில் எழுதும்போதும் கை தானாகத் திருத்தியிருந்தது.

"பத்து பேரும் தனித்தனியா விசாரிச்சு எழுதியிருந்தா, பத்து பேருக்கும் ஒரே எழுத்து எப்படி விட்டுப்போகும்?" என்று கேட்டார் ஷமா. "நீங்க பார்த்தது பத்து சாட்சி இல்ல சார். ஒரே சாட்சி, பத்து சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கு. அந்த ஆளு யாருன்னு எனக்கும் தெரியாது. தேடிப் பாருங்க. தப்பான தகவல்னு நான் சொல்லல. யாரு பார்த்தாங்க, எப்ப பார்த்தாங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும், அதை மட்டும் கண்டுபிடிங்க."

எப்படித் தேடுவது என்பதையும் அவர் காட்டிக் கொடுத்தார். பிழையோடு சேர்த்தே தேடச் சொன்னார். எந்தப் பக்கம் எந்த ஆண்டில் ஏற்றப்பட்டது என்று பார்க்கும் வழி, அழிந்துபோன பக்கங்களின் பழைய நகலை எடுக்கும் இடம், கல்லூரியின் கடவுச்சொல்லோடு உள்ளே போனால் கிடைக்கும் ஆய்வேடுகள் என ஒவ்வொன்றையும் செய்து காட்டி, பிறகு ஒவ்வொருவரையும் செய்ய வைத்தார். ஒருவர் தடுமாறினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதில் அவர் கண்டிப்பு.

கபீர் இதை ஒரு பந்தயம்போல எடுத்துக்கொண்டார். அந்த வாரம் கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் போனும் கையுமாக இருந்தார். யூடியூப்காரர் எங்கிருந்து எடுத்தார்? செய்தித் தளத்திலிருந்து. செய்தித் தளம்? ஒரு நாளிதழின் இணைப்பிலிருந்து. அந்த இணைப்பில், 'மன்னார்குடி வட்டாரக் கல்லூரி ஒன்றின் பதிவுகளின்படி' என்று ஒரு குறிப்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால், வந்து நின்ற இடத்தைப் பார்த்து அவர் நிறம் கலக்கும் டப்பாவை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

செங்கழுநீர் கல்லூரி நூலகத்தின் இணையதளம். 'ஊர் வரலாறு' என்ற பக்கம். அதே 45, அதே விட்டுப்போன எழுத்து. அடியில் பொடி எழுத்தில், 'கல்லூரி வெள்ளிவிழா மலரிலிருந்து.' மற்ற எல்லாப் பக்கங்களையும்விட இதுதான் பழையது.

உடனே குந்தவையைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நம்ம காலேஜுலேருந்துதான் கெளம்பியிருக்கு."

"ஐயோ, மேடம்கிட்ட சொல்லிட்டீங்களா அண்ணே?"

"எப்படிச் சொல்றது? அவங்க நூலகத்தையே அவங்ககிட்ட குத்தம் சொல்ற மாதிரி இருக்காதா?"

"அவங்கதானே தேடச் சொன்னாங்க? மலரைக் கேளுங்க அண்ணே. நாம பாதியில நின்னா அவங்களுக்குப் பிடிக்காது."

கபீர் மிக மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். தான் வந்த வழியைச் சொல்லி, வெள்ளிவிழா மலரில் அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். வழக்கமாக அன்றைக்கே பதில் போடுகிற ஷமா மறுநாள்தான் போட்டார். மலரின் அட்டை, உள்ளட்டை, கட்டுரை முழுவதும் என எல்லாவற்றையும் தெளிவாகப் படமெடுத்து இணைத்திருந்தார். கூடவே இரண்டே வரி: 'மூன்றாவது பக்கத்தைப் பாருங்கள் சார். பார்த்ததை வகுப்பில் நீங்களே சொல்லுங்கள்.'

கட்டுரையை எழுதியவர் துரைராசு. அன்று இளம் விரிவுரையாளர், இன்று கல்லூரி முதல்வர். மூன்றாவது பக்கத்தில் அச்சில் இப்படி இருந்தது: 'நரிமடை வாய்க்கால் தூர்ந்த ஆண்டில் அவ்வூரிலிருந்து 4-5 குடும்பங்கள் பர்மாவுக்குப் போனதாக முதிய விவசாயி ஒருவர் கூறினார்.'

நாலைந்து. நாற்பத்தைந்து இல்லை. நடுவில் இருந்த சின்னக் கோடு எங்கோ விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் கபீர் தன் திரையைப் பகிர்ந்து முதலிலிருந்து காட்டினார். மலரின் பக்கத்தைக் காட்டியதும், "அட!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. குந்தவை கைதட்டினாள். சிரிப்பும் பேச்சுமாக ஓடியபோது யாரோ கேட்டார்கள், "அப்ப இணையதளத்துல ஏத்துனவங்கதான் கோட்டை விட்டுட்டாங்க. யாரு மேடம் அது?"

"நான்தான்," என்றார் ஷமா.

அந்த வகுப்பில் முதன்முறையாக அவர் கேமராவைப் போட்டார். வெள்ளை முக்காடு, மெலிந்த முகம், பின்னால் இரும்பு அலமாரிகள்.

"நான் இங்க வேலைக்குச் சேர்ந்த புதுசு. பழைய எழுத்துருவுல தட்டச்சு பண்ணி வெச்சிருந்த கோப்பையெல்லாம் யூனிகோடுக்கு மாத்தச் சொன்னாங்க. மாத்துற மென்பொருள்ல போட்டா சில எழுத்தைத் தின்னுடும். 'ம்' போனது, கோடு போனது எல்லாம் அதுலதான். நான் உக்காந்து திருத்துனேன். ஆனா அச்சுப் புத்தகத்தைப் பக்கத்துல வெச்சு ஒப்பிடல. திரையில மட்டும் படிச்சேன். கபீர் சார் மெயில் போட்டப்பதான் போய் மலரை எடுத்தேன். பார்த்ததும் எனக்குக் கையும் காலும் ஓடல."

"ஒரு நிமிஷம் இணையதளத்துல சத்தமில்லாம திருத்திடலாமான்னுகூட தோணுச்சு," என்றார். "திருத்தியிருந்தா, கபீர் சார் பிடிச்சுக்கிட்டு வந்த கயிறு பாதியில அறுந்துபோயிருக்கும். அவரு தன் மேலயே சந்தேகப்பட்டிருப்பாரு. அது சரியில்ல. இப்ப பாடத்துக்கு வருவோம். இந்தத் தப்பு எந்த இடத்துல நின்னிருக்கலாம்? நான் மலரைப் பார்த்திருந்தா நின்னிருக்கும். பேப்பர்காரர் ஒரு போன் போட்டிருந்தா நின்னிருக்கும். வேற எங்க? சொல்லுங்க."

அன்று மீதி வகுப்பு அப்படியே போயிற்று. கபீர் தன் கடையை நினைத்துக்கொண்டார். இருபத்தேழு வருஷ வேலையில் அவர் ஐந்து முதலாளிகளைப் பார்த்திருக்கிறார். நிறம் மாறிப்போன டின்னைத் திருப்பி எடுத்து வந்தால், யார் தலையில் கட்டலாம் என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். அவரே அப்படிச் செய்திருக்கிறார். தன்னைவிட எவ்வளவோ இளையவள் ஒருத்தி, வேலை நிரந்தரமில்லாதவள், முப்பது பேர் முன்னால் கேமராவைப் போட்டுச் சொல்கிறாள். அந்த இரவு ஜன்னத்திடம் அதைச் சொல்ல ஆரம்பித்து, சரியாகச் சொல்ல வராமல், "நல்ல புள்ளை" என்று மட்டும் முடித்தார்.

கல்லூரியில் விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. ஷமா அன்று மாலையே மலரோடு முதல்வர் அறைக்குப் போனார். துரைராசு கெட்டவர் இல்லை. நல்ல வாத்தியார் என்று பெயரெடுத்தவர், ஆன்லைன் வகுப்பு வேண்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியவர். ஆனால் தன் பழைய கட்டுரையைத் திரும்பப் படித்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"அந்தப் பக்கத்தை எடுத்துடும்மா. பேசாம எடுத்துடு. காலேஜைத் தரம் பார்க்க ஆய்வுக்குழு வர்ற நேரம்."

"எடுத்துட்டா நம்ம பக்கம் மட்டும்தான் சார் போகும். மத்த பத்தும் அப்படியே இருக்கும். நாளைக்கு ஒருத்தர் தேடிக்கிட்டு வந்தா சரியானது எதுன்னு காட்ட எடமே இருக்காது."

"அப்ப திருத்திடு."

"திருத்துறேன் சார். கூடவே, முன்னாடி தப்பா இருந்துச்சு, இன்ன தேதியில திருத்துனோம், அச்சுப் பக்கம் இதுதான்னு ஒரு குறிப்பும் போடணும். நூலகர் கவனக்குறைவுன்னு என் பேரையே போட்டுக்கலாம். உங்க பேருக்கு ஒண்ணும் வராது. நீங்க எழுதுனது சரியாத்தான் இருக்கு."

துரைராசு மலரை மறுபடியும் புரட்டினார். ஜன்னலுக்கு வெளியே பாமணியாற்றுப் பக்கமிருந்து வந்த பேருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"அங்கதாம்மா சிக்கல்," என்றார் கடைசியில். "போன வருஷம் தஞ்சாவூர் கருத்தரங்குல நான் என்ன பேசுனேன் தெரியுமா? நாற்பத்தஞ்சு குடும்பம்னு பேசுனேன். நம்ம இணையதளத்தைப் பார்த்துத்தான் குறிப்பெடுத்தேன். அந்தப் பெரியவர்கிட்ட பேசுனவன் நான், எழுதுனவன் நான். நானே மலரை எடுத்துப் பார்க்கல. நாற்பத்தஞ்சுன்னு பார்த்ததும், ஆமா, அப்படித்தான் சொன்னாருன்னு மனசு ஒத்துக்கிச்சு."

"சார், எனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்," என்றார் ஷமா.

"உன் பேரைப் போட வேணாம். நூலகம்னு போடு. கருத்தரங்கு மலர்க்காரங்களுக்கு நான் எழுதிக்கிறேன். அது என் வேலை."

மறுநாள் திருத்தம் ஏறியது. பழைய வரி, புதிய வரி, மலரின் படம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். குந்தவையும் கபீரும் வேறு சிலரும் சேர்ந்து மற்றப் பத்து இடங்களுக்கும் எழுதிப் போட்டார்கள். மூன்று இடங்களில் திருத்தினார்கள். யூடியூப்காரர் கபீரைத் திட்டிப் பதில் போட்டார். மற்றவர்கள் பதிலே போடவில்லை. அந்த நாற்பத்தைந்து குடும்பங்கள் இன்றைக்கும் எங்கோ கப்பல் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஷமாவின் ஒப்பந்தத்தை மேலும் ஒரு வருஷம் நீட்டித்தார்கள். நிரந்தரம் பற்றிப் பேச்சில்லை.

கபீரை அந்தக் கட்டுரை விடவில்லை. இறுதி ஆண்டில் அதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அந்த நாலைந்து குடும்பங்கள் யார் என்று தேடினார். பர்மா என்று தேடினால் கிடைக்காதது ரங்கூன் என்று தேடினால் கிடைக்கலாம், நரிமடை ஆங்கிலத்தில் நாலுவிதமாக எழுதப்பட்டிருக்கலாம் என்று ஷமா சொல்லிக்கொடுத்தார். சில ஆவணங்கள் சென்னை ஆவணக் காப்பகத்தில் இருந்தன. தஞ்சாவூர்க் கல்லூரி நூலகர் ஒருவருக்குத் தெரிந்தவர் மூலம் அவற்றின் நகல்களை ஷமா வரவழைத்தார். கபீரின் ஆய்வு மூன்று குடும்பங்களை உறுதியாகச் சொன்னது. நான்காவதைப் பற்றித் தனக்குத் தெரியவில்லை என்று அதிலேயே எழுதியிருந்தார். வழிகாட்டிப் பேராசிரியர் அந்த வரியைத்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டி மதிப்பெண் போட்டார்.

அடுத்த லீவில் ஊருக்கு வந்தபோது, கட்டுப்போட்ட ஆய்வேட்டை நேரில் கொடுக்க கபீர் மன்னார்குடிக்குக் கிளம்பினார். "நானும் வர்றேன், உங்க மேடத்தைப் பார்க்கணும்," என்று ஜன்னத்தும் பஸ் ஏறிவிட்டாள்.

நூலகம் அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னது. ஷமாவும் உயரத்தில் சின்னவர்தான். கேமராவில் தெரிந்த அலமாரிகளின் இந்தப் பக்கம் நின்று கபீர் சலாம் சொல்லி, ஆய்வேட்டை இரண்டு கையாலும் நீட்டினார். ஷமா முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, நன்றியுரையில் தன் பெயரைக் கண்டு வெட்கப்பட்டு மூடினார்.

"சார், நாலாவது குடும்பத்தை விட்டுடாதீங்க. என்கிட்ட ஒரு யோசனை இருக்கு," என்று அவர் ஆரம்பிக்கும்போதே ஜன்னத் குறுக்கே புகுந்தாள்.

"ஏம்மா, நான் ஒண்ணு கேட்கலாமா? இவரு படிச்சவரு, நான் பிளஸ் டூதான். எங்க தெருவுல எல்லாரும் ஒரு பொடி வாங்குறாங்க. சாப்பிட்டா சுகரே போயிடுமாம். பெரிய டாக்டரு பேசுற வீடியோ இருக்கு. எனக்கு சுகர் இருக்கு. வாங்கலாமா?"

கபீருக்குக் கூச்சமாகிவிட்டது. "ஜன்னத்து, அதெல்லாம் இங்க கேட்கிற விஷயமா?"

"இங்கதான் சார் கேட்கணும்," என்றார் ஷமா. நாற்காலி ஒன்றை இழுத்துத் தன் கணினிக்குப் பக்கத்தில் போட்டார். "உக்காருங்கம்மா. வீடியோவை எனக்குக் காட்டுங்க. அந்த டாக்டர் பேரு என்னன்னு சொல்றாரா? முதல்ல அவரு டாக்டர்தானான்னு பார்ப்போம். டாக்டருங்க பேரெல்லாம் பதிவு பண்ணியிருக்கிற எடம் ஒண்ணு இருக்கு. நான் காட்டுறேன், நீங்களே தேடுங்க. மாத்திரையை மட்டும் அதுவரைக்கும் நிறுத்திடாதீங்க, சரியா?"

"எனக்கு டைப் பண்ண வராதே."

"மெதுவா வரும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

ஜன்னத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தொடங்கினாள். தப்பாக விழுந்தால் ஷமா திருத்தவில்லை. அவளே கண்டுபிடிக்கும்வரை பேசாமல் இருந்தார். வெளியே மதிய உணவு மணி அடித்தது. மேசையோரம் ஒரு டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. கபீர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, தன் மனைவி தலையைச் சாய்த்து யோசிப்பதையும், பக்கத்தில் அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். திருத்துறைப்பூண்டி பஸ் ஒன்று போய்விட்டது. அதற்கடுத்ததும் போயிற்று.

"இந்தப் பேருல யாருமே இல்லைங்குதே!" என்று ஜன்னத் நிமிர்ந்தாள்.

"இருங்கம்மா," என்றார் ஷமா. "பேரை வேற மாதிரி எழுதிப் போட்டும் ஒரு தடவை பார்த்துடுவோம்."